மன்னர் விழுவதில்லை

மோத்துலாஹி நாட்டு மன்னர்கள் விழுவதில்லை. வழுக்குவதில்லை, தடுக்குவதில்லை, தள்ளாடுவதும் இல்லை. இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. இப்போதைய மன்னரின் பாட்டனார் குதிரையிலிருந்து சற்று வேகமாக இறங்கி, இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தபோதுகூட, ‘மன்னர் நம் மண்ணை மிக அருகில் பார்வையிட்டார்’ என்றுதான் அரண்மனை அறிவித்தது. குதிரையை மட்டும் வேலையை விட்டு நீக்கினார்கள்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை காலை துறைமுகத்தில் நடந்ததும் விழுந்த கணக்கில் வராது. ஃபிலிமோனேவின் போதாத காலம், அது நடந்தபோது அவன் அங்கே நின்றிருந்தான்.

அவனுக்குத் துறைமுகத்தில் கயிறு பிடிக்கிற வேலை. கப்பலிலிருந்து வீசும் கயிற்றை எட்டிப் பிடித்து, கரையோரத்து இரும்பு முளையில் மாட்ட வேண்டும். பல வருஷம் இதையே செய்ததில் அவன் கைகள் அவனைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை. மேலேயிருந்து எது வந்தாலும் போய்ப் பிடித்துவிடும். தேங்காய் விழுந்தால் பிடிக்கும். பாதிரியாரின் தொப்பி காற்றில் பறந்தால் பிடிக்கும். ஒருமுறை தேவாலயத்தில் பக்கத்து பெஞ்சுக்காரி தூக்கத்தில் சரிந்தபோது அவளையும் பிடித்துவிட்டு, அவள் புருஷனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

மன்னர் ஐரோப்பாவில் ஏதோ ஓர் அரச குடும்பத்துக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். அந்தக் கல்யாணப் படங்களைப் பார்த்து அரண்மனையின் உடையலங்காரக் குழு ஓர் உண்மையைக் கண்டுபிடித்திருந்தது. மற்ற மன்னர்கள் எல்லாரும் நம் மன்னரைவிட உயரம். உடனே அங்கேயே அவருக்கு ஒரு சாண் குதிகால் வைத்த காலணி தைக்க ஏற்பாடு ஆயிற்று. மேலே முத்துச்சிப்பி பதித்தது, அடியில் கண்ணாடிபோல வழவழப்பானது. அதற்கு மேலே, வழக்கம்போல இடுப்புப் பாய். மோத்துலாஹியில் மரியாதையுள்ள எவனும் இடுப்பில் பாய் சுற்றாமல் வெளியே வரமாட்டான். பதவி பெரிதாகப் பெரிதாகப் பாயும் பெரிதாகும். மன்னரின் பாய் கக்கத்திலிருந்து கணுக்கால் வரை போயிற்று. அவர் தம் கால்களைக் கடைசியாகப் பார்த்தது இளவரசராக இருந்த காலத்தில்.

பாட்டுக் குழு பாடிக்கொண்டிருந்தது. மன்னர் இறங்கு பலகையில் ஓர் அடி வைத்தார். அடுத்த அடி வைக்கவில்லை; மீதி வழியை மொத்தமாக வந்துவிட்டார். ஃபிலிமோனேவின் கைகள் தம் பாட்டுக்குப் போய்விட்டன. அவன் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் மன்னர் கக்கத்தில் பிடிபட்டு அவன் மார்பில் சாய்ந்திருந்தார்.

“அப்பாடா,” என்றார் மன்னர், அவன் காதுக்கு மட்டும்.

“மன்னர் மகிழ்ச்சி தெரிவிக்கிறார்!” என்று கூட்டத்தைப் பார்த்து முழங்கினார் துய்வாஹா பிரபு.

துய்வாஹா பிரபு வழக்காற்று அமைச்சர். போதாததற்கு ‘மன்னரின் வாய்’ என்ற பரம்பரைப் பதவியும் அவருடையதுதான். மன்னர் மக்களிடம் நேரே பேசக் கூடாது. மன்னர் முணுமுணுப்பார், பிரபு அதை உரக்கச் சொல்வார். முழங்கி முடித்ததும் அவர் ஃபிலிமோனேவின் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார்.

“டேய், கையை எடுடா.”

“எடுத்தா விழுந்துடுவாருங்களே, பிரபு.”

“மன்னர் விழமாட்டாரு. எடு.”

எடுத்தான். மன்னர் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் தூக்கிவிடவில்லை. மன்னரைத் தொடக் கூடாது அல்லவா. அவரே பாயோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு எழுந்து நிற்கிற வரைக்கும் பாட்டுக் குழு அடுத்த பாட்டையும் பாடவேண்டி வந்தது.

அதற்குள் ஃபிலிமோனேவைச் சுற்றி ஆள் விலகி ஒரு வட்டம் விழுந்திருந்தது. மன்னர் உடம்பைத் தொட்ட கைகள் தாப்பு. அதாவது புனிதமானவை, அதாவது யாரும் தொடக் கூடாதவை, அதாவது எதற்கும் உதவாதவை. அந்தக் கையால் சாப்பிடக் கூடாது, வேலை செய்யக் கூடாது, மனுஷரைத் தொடக் கூடாது, தன்னைத் தானே தொட்டுக்கொள்ளவும் கூடாது. இறந்த மன்னர்களைக் குளிப்பாட்டுகிறவர்களுக்கு என்று ஏற்பட்ட விதி இது. உயிரோடு இருக்கிற மன்னரை இப்படி ஒருவன் கட்டிப் பிடிப்பான் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. மன்னர் தம் உள்ளங்காலை அந்தக் கைகள்மேல் வைத்தால் தாப்பு நீங்கிவிடும். அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை.

ஃபிலிமோனேவும் அப்படித்தான் நினைத்தான்.

அன்று மத்தியானம் மரப்பட்டைத் துணியில் தைத்த இரண்டு பைகளைக் கையில் மாட்டி, மணிக்கட்டில் கட்டி, முடிச்சில் அரச முத்திரை வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே கைகளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள ஹவேயா என்ற காவலரும் வந்தார். ஃபிலிமோனேவின் மனைவி அனாசெய்னி வாசலில் நின்றாள். நிறைமாசம். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் காத்திருந்து, ஊரார் கேட்பதை நிறுத்தி, இவர்களும் பேசுவதை நிறுத்திய பிறகு வந்த பிள்ளை.

“என்னய்யா இது, கையில தலகாணியை மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறே?”

அவன் நடந்ததைச் சொன்னான்.

“அவரு விழுந்தாரு, நீ புடிச்சே. அதுக்கு ஒரு பன்னியாவது குடுக்கணும். தலகாணியா குடுப்பாங்க?”

“அவரு விழலையாம்.”

“அப்ப நீ எதைப் புடிச்சே?”

“அதான் பிரச்சினையே.”

“இங்க காட்டு,” என்று அவள் முடிச்சில் கை வைக்கப் போனாள். அவன் துள்ளி விலகினான்.

“தொடாதே! உன் கையையும் கட்டிடுவாங்க. புள்ளை பொறக்கப்போற நேரத்துல ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டு என்ன செய்யிறது?”

“மன்னரு நாளைக்கே காலை வச்சிடுவாரு,” என்றார் ஹவேயா, நிழலான இடமாகப் பார்த்து உட்கார்ந்தபடி. “இன்னைக்கு என்ன சமையல்?”

அனாசெய்னியின் தம்பி ஐசேயாதான் ஃபிலிமோனேவுக்கு ஊட்டினான். நல்ல பையன்தான், ஆனால் பேசிக்கொண்டே ஊட்டுவான். பேச்சு சூடு பிடித்தால் சேப்பங்கிழங்கு மூக்கிலும் கன்னத்திலும் போய் முட்டும். குடிப்பதற்குத் தென்னை ஓலை ஈர்க்கைவிடக் கொஞ்சம் பருமனான ஒரு குழல். மற்ற காரியங்களைப் பற்றி வெளியே சொல்ல வேண்டாம் என்று ஐசேயா கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆனால் பசியும் தாகமும்கூடப் பெரிதில்லை. மூக்குதான் ஃபிலிமோனேவைக் கொன்றது. பைகளைக் கட்டிய நிமிஷத்திலிருந்து மூக்கில் ஓர் இடம் அரிக்க ஆரம்பித்தது.

“இங்கயா மச்சான்?”

“மேல.”

“இங்கயா?”

“அதுக்குப் பக்கத்துல. அட, அந்தப் பக்கம் இல்லடா.”

“உன் மூக்கு என்ன ஊரு மாதிரி இவ்வளவு பெருசா இருக்கு!”

சுவரில் தேய்த்துப் பார்த்தான், தேங்காய் மட்டையில் தேய்த்துப் பார்த்தான். மூக்கு சிவந்ததே ஒழிய அரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

நாளைக்கே என்றது நாளைக்கு நடக்கவில்லை. அடுத்த வாரம் விசாரணைக்கு அரண்மனைக்கு வரச் சொன்னார்கள். மன்னர் உயரமான நாற்காலியில் அந்தக் காலணியோடு உட்கார்ந்திருந்தார். கீழே துய்வாஹா பிரபு. அவர் பாய் வாசலுக்குள் நுழையாது என்பதால் அவரைப் பக்கவாட்டில் திருப்பித்தான் உள்ளே கொண்டுவந்திருந்தார்கள்.

“நீ எதுக்கு மன்னரைத் தொட்டே?” என்றார் பிரபு.

“விழுந்தாருங்க.”

“விழலை.”

“சரிங்க, விழலை. அப்ப நானும் தொடலைன்னு வச்சுக்கலாமுங்களா?”

“அது எப்படி? ஊரே பார்த்துச்சே.”

“விழுந்ததையும்தானுங்களே ஊரு பார்த்துச்சு?”

“தொட்டதைத்தான் பார்த்துச்சு. விழுந்ததைப் பார்க்கலை. அமைச்சரவையில தீர்மானம் போட்டாச்சு.” பிரபு தொண்டையைச் செருமினார். “இதைக் கேளு. மன்னர் பாதம் வச்சா உன் கை விடுதலை. ஆனா பாதம் எதுக்கு வைக்கணும்? நீ தொட்டதுக்கு. நீ எதுக்குத் தொட்டே? அவரு விழுந்ததுக்கு. அப்ப பாதம் வச்சா, விழுந்ததை அரண்மனையே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். புரியுதா?”

“புரியலைங்க.”

“அதுக்குத்தான் நாங்க இருக்கோம்.” பிரபுவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “உலகத்துல எத்தனை அரண்மனை இருக்கு, ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு ஒழுங்கு இருக்கு, உனக்கு என்ன தெரியும்? ஒரு நாட்டுல ராஜாவோட அன்னப்பறவைங்களை வருஷா வருஷம் படகுல போய் எண்ணுறாங்க. யாராவது எதுக்குன்னு கேட்டாங்களா? அரண்மனையில சாவு விழுந்தா தேனீக்கூட்டுக்கிட்டப் போய்த் துக்கம் சொல்ற ஆளு இருக்கான். தேனீ என்ன பதில் சொல்லுச்சுன்னு யாராவது கேட்டாங்களா? இன்னொரு நாட்டுல ராணியம்மா தண்ணியில மூழ்கிட்டாங்க. தொடக் கூடாதுன்னு சட்டம். அத்தனை வேலைக்காரங்களும் கரையில கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்கன்னு சொல்றாங்க. என்ன ஒழுக்கம்! நினைச்சா எனக்குக் கண்ணு கலங்குது. நம்ம நாட்டுல என்னடான்னா ஒருத்தர் சாயறதுக்குள்ள ஓடிவந்து புடிச்சிடுறானுங்க. என் பரம்பரை இந்த அரண்மனையில என்ன பண்ணுது தெரியுமா? மன்னர் எதையெல்லாம் செய்யக் கூடாதுன்னு சொல்லுது. நாளைக்கு அவரு வெறுங்காலோட நடந்து, அவரே வாயைத் திறந்து பேச ஆரம்பிச்சா எங்களுக்கு என்னய்யா வேலை?”

மன்னர் குனிந்து முணுமுணுத்தார். ஃபிலிமோனே பக்கத்திலேயே இருந்ததால் அவனுக்கும் கேட்டது. “பாவம்யா, புள்ளத்தாச்சிப் பொண்டாட்டியை வச்சிருக்கானாம். காலை வச்சு அனுப்பிடலாமே. எனக்கும் இந்தச் செருப்பு கடிக்குது.”

பிரபு எழுந்து நின்றார். “மன்னர் திருவாய் மலர்ந்தருளுகிறார்! ‘மரபு எம் பாதத்தினும் பெரிது. அந்தக் கைகள் இனி நாட்டின் உடைமை. எம் காலணியின் உயரம் இன்னும் கூட்டப்படுவதாக!’”

மன்னர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். ஃபிலிமோனேவை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையை அவன் ஏற்கெனவே வீட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறான்.

ஆனாலும் ஊர் வாயை மூட ஏதாவது சொல்லியாக வேண்டுமே. உடையலங்காரக் குழு கூடி யோசித்து, துறைமுகத்தில் நடந்தது ஒரு புதுவிதமான வணக்கம் என்று அறிவித்தது. ‘சாய்வு வணக்கம்.’ மன்னர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து அறிமுகப்படுத்தினாராம். ஒருவர் எதிரே வருபவர்மேல் அப்படியே சாய வேண்டும், எதிரே வருபவர் கக்கத்தில் பிடிக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தேவாலய வாசலில் பிரபுக்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய ஆரம்பித்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் சாய்ந்தால் யார் பிடிப்பது என்று குழு சொல்லியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கு உடைந்தவர்களுக்கென்று தனிப் பகுதி திறக்க வேண்டியதாயிற்று. மூக்குக் கட்டுப் போட்டவர்களைப் பார்த்து, அதுதான் நாகரிகம் போலிருக்கிறது என்று மூக்கு நன்றாக இருந்தவர்களும் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

இதற்கு நடுவில் ஆக்லாந்திலிருந்து வருகிற ஒரு மகளிர் வார இதழ், மன்னர் ஃபிலிமோனேவின் மார்பில் சாய்ந்திருக்கும் படத்தை அட்டையில் போட்டுவிட்டது. ‘யார் இந்த மர்ம மனிதர்? பிரிந்த சகோதரரா?’ என்று கேட்டிருந்தது. கேட்டதோடு சரி, பதில் சொல்லவில்லை. பதிலை மோத்துலாஹி பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். பிரபுக்களின் மனைவிமார் இரண்டு பேர், மூன்று பேராக வந்து ஃபிலிமோனேவின் காதுகளை உற்றுப் பார்த்தார்கள்.

“காது அப்படியே மன்னரோட அப்பா காது,” என்றாள் ஒருத்தி.

“அவரு இந்தப் பக்கமெல்லாம் மண்ணைப் பார்வையிட வந்திருப்பாரு போல,” என்றாள் இன்னொருத்தி, சிரிக்காமல்.

“எங்க அப்பாவுக்கும் இதே காதுதாம்மா,” என்றான் ஃபிலிமோனே, பரிதாபமாக.

“பாவம், அவருக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது,” என்று அவர்கள் அனுதாபப்பட்டார்கள்.

பன்றியும் பாயும் காணிக்கையாக வந்தன. பன்றியை ஹவேயாவும் ஐசேயாவும் தின்றார்கள். கைகளைக் கட்டிவிட்டுக் கும்பிட்டார்களே ஒழிய, அவிழ்ப்பதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் வணக்கத்தைக் கண்டுபிடித்தது மன்னர் என்றால் அதைத் தாங்கிய ஆளுக்கும் ஒரு பட்டம் வேண்டும் என்று அரண்மனை முடிவு செய்தது. ஃபிலிமோனே ‘அரச தாங்கி’ ஆனான். மன்னரைத் தவிர யாரையும் எதையும் அந்தக் கைகள் தொடக் கூடாது. மன்னர் சாயும்போது மட்டும் பையைக் கழற்றுவார்கள். பதவி பரம்பரையானது.

“பரம்பரைன்னா?” என்றாள் அனாசெய்னி, சேதி சொல்ல வந்த துய்வாஹா பிரபுவிடம்.

“இவனுக்கப்புறம் இவன் புள்ளைம்மா.”

“பொண்ணாப் பொறந்தா?”

“பரவாயில்லை. கை கைதானே.”

பெண்தான் பிறந்தது. லூபே என்று பெயர் வைத்தார்கள். பிறந்த மறுநாளே அரண்மனையிலிருந்து எலுமிச்சம்பழ அளவில் இரண்டு பைகள் வந்தன. அப்போது அனாசெய்னி காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். ஐசேயா தடுக்கப் போய்த் தள்ளிவிடப்பட்டான். ஃபிலிமோனே பார்த்துக்கொண்டே நிற்க, பூ மாதிரி விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்த அந்தக் கைகளைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார்கள். குழந்தை விரல் சப்பத் தேடி, துணியைச் சப்பி, வீறிட்டு அழுதது. அவனுக்கு ஓடிப்போய்த் தூக்க வேண்டும் போலிருந்தது. தூக்க என்ன இருக்கிறது அவனிடம், இரண்டு தலையணைகளைத் தவிர?

“கை வேணாம். முழங்கை மடிப்புல படுக்க வச்சுக்கிறேன்,” என்று ஹவேயாவிடம் கெஞ்சினான். ஹவேயா இளகிய மனசுக்காரர். கை எங்கே ஆரம்பிக்கிறது என்று அரண்மனையில் கேட்டு அனுப்பினார். ஆராய்ச்சி முடிகிற வரை கை என்பது தோள் வரைக்கும் என்று பதில் வந்தது.

ஆக அவன் பிள்ளையை எட்ட நின்று பார்க்கிற அப்பன் ஆனான். அனாசெய்னி காய்ச்சலிலிருந்து எழுந்து எல்லாவற்றையும் கேட்டாள். முதலில் அழுதாள், பிறகு வைதாள், பிறகு யோசித்தாள்.

“உன் கைமேல அவரு காலு படணும். அவ்வளவுதானே?”

“அவரு வைக்க நினைச்சாலும் விடமாட்டாங்க.”

“அவரா வைக்க வேணாம்யா. அடுத்த மாசம் இன்னும் பெரிய செருப்போட கப்பல்ல வர்றாரு. அவரு காலு எங்கயாவது விழத்தானே போகுது? உன் கையை அங்க கொண்டுபோய் வையி. உன் கை விடுதலையானா பதவி போச்சு. பதவி போனா எம் புள்ளை கையை எவன் கட்டுவான்?”

ஃபிலிமோனே தன் பைகளைப் பார்த்தான். “மேலேயிருந்து ஒருத்தர் வந்தா இது புடிச்சிடுமே அனா. நான் சொன்னா கேக்காதே.”

“கேக்க வையி,” என்றாள் அவள். “உம் பொண்ணு அழறது அதுக்கும் கேக்குதுதானே?”

மன்னர் வேறொரு நாட்டு முடிசூட்டு விழாவுக்குப் போய்விட்டுத் திரும்பினார். துறைமுகம் நிறைய ஜனம். மூக்குக் கட்டுகளோடு பிரபுக்கள் வரிசையாக நின்றார்கள். ஃபிலிமோனேவை இறங்கு பலகையின் கீழே நிறுத்தி, பாதிரியார் ஓர் இடுக்கியால் முடிச்சுகளை அவிழ்த்துப் பைகளை உருவினார். தன் கைகளைப் பார்த்து அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. வெளுத்து, மெலிந்து, நகம் வளர்ந்து, யாரோ ஒரு நோயாளியின் கைகள். காற்று பட்டதும் விரல்கள் கூசின. மூக்கு அரித்தது. சொறியலாம், ஒரு நொடி போதும். ஆனால் ஊரே அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மன்னர் பலகையின் தலையில் தோன்றினார். குதிகால் இப்போது ஒன்றரைச் சாண். அவர் கீழே பார்க்கவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. கிளம்பினார்.

ஃபிலிமோனே மண்டியிட்டு இரண்டு கைகளையும் பலகைமேல் விரித்து வைத்தான். மேலேயிருந்து அந்தப் பெரிய உருவம் வந்தபோது கைகள் துடித்து எழும்பின. ஒரு விரல் உயரம் எழும்பியேவிட்டன. ‘லூபே’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு திரும்ப அழுத்தினான். முதல் குதிகால் வலது கைமேல் இறங்கியது. அடுத்தது இடது கைமேல். அவன் கத்தியது பாட்டுக் குழுவின் சத்தத்தில் அமுங்கிவிட்டது. பிடிக்க ஆள் இல்லாத மன்னர் அவன் தலைக்கு மேலாகப் போய், துறைமுக விளிம்பைத் தாண்டி, கடலில் விழுந்தார்.

மன்னிக்கவும், விழவில்லை. “மன்னர் கடலைப் பார்வையிடுகிறார்!” என்று துய்வாஹா பிரபு அறிவித்தார். பிரபுக்கள் அத்தனை பேரும் கடலைப் பார்த்துச் சாய்ந்து வணங்கினார்கள். ஹவேயா சட்டையைக் கழற்றப் போனார். “யாரும் இறங்கக் கூடாது! ஒழுக்கம்!” என்று பிரபு தடுத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன, பெருமையில்.

நல்ல வேளை, பாய் மிதந்தது. அதோடு மன்னரும் மிதந்தார். பாயைத் துடுப்பாக அடித்துக்கொண்டு மீன் இறக்குகிற படிக்கட்டு வரை அவரே வந்து, ஏறினார். காலணிகள் போய்விட்டிருந்தன. வெறுங்காலோடு, சொட்டச் சொட்ட, தம் கால் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே, நேரே, ஜனங்களைப் பார்த்துப் பேசினார்.

“என் காலு அவன் கைமேல பட்டுச்சு. ரெண்டு காலும் பட்டுச்சு. அவனை வீட்டுக்கு அனுப்புங்க.”

மன்னரின் குரலை ஜனங்கள் அன்றுதான் முதல் தடவை கேட்டார்கள். சின்னக் குரல். பக்கத்து வீட்டுக்காரர் உப்பு கேட்கிற மாதிரி இருந்தது. துய்வாஹா பிரபு வாயைத் திறந்தார். எல்லாருக்கும் கேட்டுவிட்ட பிறகு எதை மாற்றிச் சொல்வது? “கைகள் விடுதலை,” என்றார், உயிர் போகிற குரலில்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கைகளுக்கும் மணிக்கட்டுக்கு மேல் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. முன்னே இருந்த தலையணைகளைவிடப் பெரியவை, கனமானவை. எலும்பு பல இடத்தில் முறிந்திருக்கிறது, கயிறு பிடிக்கிற வேலைக்கு இனி இந்தக் கை ஆகுமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அடிபட்ட இடம் வீங்கியிருக்க, மூக்கில் அரித்த இடம் அரித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் துய்வாஹா பிரபு வந்தார். பக்கவாட்டில் திரும்பியும் வாசலில் நுழைய முடியாமல் வெளியிலேயே நின்று பேசினார். வருத்தம் தெரிவித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“விடுதலை அப்பன் கைக்குத்தான். பொண்ணு கை அங்க இல்லையே. பதவி இப்ப பொண்ணுக்கு வந்திருச்சு. ஆனா நாங்க கல் நெஞ்சுக்காரங்க இல்லை. வர்ற ஞாயித்துக்கிழமை மன்னரு தேவாலயத்துல பாப்பா கைமேலயும் பாதம் வைப்பாரு. புதுச் செருப்பு வந்தாச்சு. அதுவரைக்கும் பாப்பாவுக்குக் கையைத் தட்டையா வச்சுக்கப் பழக்குங்க.”

“சரிங்க, பிரபு,” என்றான் ஃபிலிமோனே.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. பழக்கதோஷம். கயிறு வந்தால் கை போகிற மாதிரி, பிரபு பேசினால் இந்த வாயும் அது பாட்டுக்குப் போய்விடுகிறது. அனாசெய்னி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிரபுவின் பாய் தெருமுனையில் மறைந்ததும், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தாள். முத்திரை வைத்த முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்தாள்.

“அனா, வேணாம். தொட்டா உன் கையையும் கட்டிடுவாங்க.”

“கட்டட்டும். அப்புறம் எம் புள்ளைக்குப் பால் குடுக்க அந்த மன்னரோட வாய் வருவாரான்னு பார்க்கிறேன்.”

வாசலில் உட்கார்ந்திருந்த ஹவேயா எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

“நான் கடலைப் பார்வையிடுறேன்மா,” என்றார். “கொஞ்சம் நேரம் ஆகும்.”

பைகள் கழன்று விழுந்தன. அனாசெய்னி குழந்தையைத் தூக்கி, அந்த இரண்டு மாவுக்கட்டுகளுக்கும் நடுவில், அவன் மார்போடு படுக்க வைத்தாள். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இறுக்கிப் பிடிக்க முடியாது, தடவ முடியாது, விழுந்தால் தாங்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை வரத்தான் போகிறது. பிரபு வருவார், புதுச் செருப்பு வரும், அப்போது என்ன செய்வது என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. குழந்தை அவன் முகத்தைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து நகம் வெட்டாத அந்தச் சின்னக் கை எழுந்து, காற்றில் தடுமாறி, அவன் மூக்கில் வந்து விழுந்து, பிறாண்டியது.

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்க வழியில்லாமல் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்சம் மேல,” என்றான் ஃபிலிமோனே.